இராயப்பர் வேஷம் கட்டிய பொன்னம்மா டீச்சர்

நம் கோயிலின் பங்குக் குழுத் தலைவர் திரு. ஜெயபாலன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் சுவாமியார் அவர்களே, பக்கத்து ஊர்களான காஜா பேராங்கிலிருந்தும் செமாபோக்கிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

மறைந்த ஞான உபதேச ஆசிரியை பொன்னம்மா அவர்களை மரணப் படுக்கையில் நான் மன்னித்ததாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அந்தப் படுக்கையருகே கஞ்சி ஊட்டினேன், அவ்வளவுதான். நான் மன்னித்தது பதினோரு ஆண்டுகளுக்கு முன். அதுவும் தாமதம்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜப்பான்காரன் இந்த நாட்டை ஆண்ட காலத்தில், சயாம் காட்டில் ரயில் பாதை போட ஆள் பிடித்த நாட்களில், என் கணவர் ஆசிரியர் அருளப்பனைத் தெருமுனையில் நிறுத்தினார்கள். பள்ளி ஆசிரியர் என்று யாராவது சாட்சி சொன்னால் விட்டுவிடுவார்கள். அவ்வழியே வந்த பொன்னம்மாவை அவர் சுட்டிக்காட்டினார். ஒரே பள்ளியில் ஏழு ஆண்டுகள் உடன் பணியாற்றியவர்! இவனைத் தெரியுமா என்று கேட்டார்கள். துப்பாக்கிக்கு முன்னால் அவர் சொன்ன பதில், "தெரியாது". லாரி போய்விட்டது. என் கணவர் திரும்பவேயில்லை.

அன்று மாலையே பொன்னம்மா என் வாசலில் நின்றார். "அக்கா, தெரியாதுன்னு சொல்லிட்டேன்கா" என்றார். நான் கதவைச் சாத்தினேன்.

பிறகு என்ன செய்தார்? ஊரை விட்டு ஓடினாரா? இல்லை! ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் சொன்னார். ஆண்டுதோறும் பெரிய வாரத்துக்கு முன் சேசுநாதரின் பாடுகளை நடிக்கவைத்தார். வேஷங்களுக்குப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள்.

"டீச்சர், சேவல் நான்தான்!"

"போன வருஷமும் நீதானே கூவுன? சளி புடிச்ச கோழி மாதிரி இருந்துச்சு!"

சேவல் வேஷம் கிடைக்கும், சேவகன் வேஷம் கிடைக்கும். சேவல் கூவுமுன் சேசுநாதரைத் தெரியாது என்று மூன்று முறை சொன்ன சீடர் இராயப்பரின் வேஷம் மட்டும் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காது. அதை டீச்சரே கட்டுவார். மூன்று முறை மறுதலித்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்புவார். "நானும் ஒரு நாள் இப்படிச் சொன்னேன். அந்த மனிதர் பேரு அருளப்பன்" என்பார்.

1947-இல் தூணுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டேன். அடுத்தது, உயிர்த்தெழுந்த சேசுநாதர் இராயப்பரைச் சந்திக்கும் கடற்கரைக் காட்சி. பத்து வயதுச் சேசுநாதர் முன் பொன்னம்மா முழந்தாளிட்டிருந்தார். "என்னை நேசிக்கிறாயா? அப்படியானால் என் ஆட்டுக்குட்டிகளை மேய்" என்றது அந்தப் பிள்ளை.

எது தேவ இரக்கம்? ஆண்டவர் இராயப்பரின் பொய்யை மறைத்தாரா? இல்லை! நான்கு சுவிசேஷங்களிலும் அது எழுதியிருக்கிறது. மன்னித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாரா? அதுவும் இல்லை! பொய் சொன்ன அந்த வாயையே நம்பிக் குட்டிகளை ஒப்படைத்தார். அடுத்த ஞாயிறே என் மகளை அந்த வகுப்பில் சேர்த்தேன்.

இப்போது, என் மனம் நோகும் என்று சொல்லி, அந்த நாடகத்தை நிறுத்தக் குழு யோசிப்பதாக அறிகிறேன். என்னைக் கேட்டீர்களா? அதை நிறுத்தினால்தான் என் மனம் நோகும். பொன்னம்மா வாழ்நாளெல்லாம் மறைக்காததை அவர் இறந்த பின் நாம் மறைப்பதா?

அவருடைய வகுப்பை நான் ஏற்று நடத்துவேன். நாடகம் நடக்கும். என் கணவரின் பெயர் சொல்லப்படும். இராயப்பர் வேஷத்தை நான் கட்டுவேன். நான்கு ஆண்டுகள் பொன்னம்மா எதிரே வந்தபோதெல்லாம் தெரியாதவள்போல் கடந்து போனவள் நான். அந்த வேஷம் எனக்குப் பொருந்தும்.

தலைவர் அவர்களே, குழுவுக்குச் சம்மதமா இல்லையா என்பதை வரும் ஞாயிறுக்குள் எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும்.