அத்தானின் மூக்குக்கு நான் செய்த ஒத்தாசை

ஜன்னலைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. காற்றோட்டம் உடம்புக்கு நல்லது. மூக்கிலிருந்து அந்தக் கைக்குட்டையை எடுத்தால் இன்னும் நல்லது, ஆனால் அது உங்கள் இஷ்டம். நீங்கள் விசாரணை அதிகாரி. நான் அக்கா வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போகிறவன். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

என் அத்தான் உங்கள் கம்பெனியில் டீ ருசி பார்க்கிறவர். ருசி என்று பேர்தானே தவிர, வேலை முழுவதும் மூக்குக்குத்தான். கரண்டியில் எடுத்து, தெருவில் போகிறவன் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓர் உறிஞ்சு உறிஞ்சுவார். வாயில் புரட்டித் துப்பிவிட்டு, "மழைக்கு அப்புறம் பறிச்சது, காய வைக்கிறதுல அவசரப்பட்டுட்டாங்க" என்பார். சில வீடுகளில் கை சம்பாதிக்கும், சில வீடுகளில் வாய். எங்கள் வீட்டில் மளிகை வாங்குவது மூக்கு.

அந்தப் பிரிவுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்க, உறிஞ்சிப் பார்த்தே எந்தத் தோட்டத்து டீ என்று சொல்கிற பரீட்சை வைத்தீர்கள். போட்டியில் அத்தானும், அவரோடு டீ ருசி பார்க்கிற அந்த மீசைக்காரரும் மட்டும். தோற்றவர் கணக்குப் பிரிவுக்கு என்று பேச்சு. அத்தானுக்குக் கூட்டல் வராது. மூக்கால் கூட்டவும் முடியாது. அதனால் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டாள். "இந்த நேரத்துல சளி மட்டும் பிடிச்சுதுன்னா நம்ம கதை கந்தல்தான்" என்று சொல்லிச் சொல்லி, குளிர்ந்த தண்ணீர்ப் பக்கமே அவரை விடவில்லை.

அவள் விட்டது விளக்கெண்ணெய். நான் இன்னும் கொஞ்சம் வாசனையான எண்ணெய்களைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் இருவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு வீடியோவில் பார்த்தேன். பேசியவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். டாக்டரா என்று என்னைக் கேட்காதீர்கள், கோட்டு சுத்தமாக இருந்தது. யூக்கலிப்டஸ், கிராம்பு, எலுமிச்சை ஆகிய நறுமண எண்ணெய்கள் நோய் எதிர்ப்பு சக்திக்குத் துணை நிற்கும் என்றார். குணமாக்கும் என்று சொல்லவில்லை. தடுக்கும் என்றும் சொல்லவில்லை. துணை நிற்கும். எனக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்துவிட்டது. அக்கா வீட்டில் நானும் அப்படித்தான். சமைப்பதில்லை, துவைப்பதில்லை, துணை நிற்கிறேன்.

முதலில் அத்தானின் தலையணை. காலையில் எழுந்தவருக்குக் கண் இரண்டும் கோவைப்பழம்.

"அழுதீங்களா?" என்றாள் அக்கா.

"தெரியல. கனவுல யாரோ வேண்டப்பட்டவங்க செத்துட்டாங்க போல" என்றார் அத்தான்.

பிறகு சட்டைக் காலர். பிறகு ஹெல்மெட்டின் உள்பக்கம். அதை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போனவர், வண்டியை நிறுத்திவிட்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டதாக எதிர்வீட்டுத் தையல்காரர் வந்து சொன்னார். அன்றைக்குத்தான் அக்கா என் அலமாரியைத் திறந்தாள்.

"டேய், என்னடா இது? வீடே ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி நாறுது."

"எதிர்ப்பு சக்திக்கா."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

"எனக்கு நல்லாவே ஏறிடுச்சுடா எதிர்ப்பு. உன் மேல."

பாட்டில்கள் குப்பைக்குப் போயின. அத்தானை ஜன்னலோரம் உட்கார வைத்து, ஒரு நோயாளிக்குக் கஞ்சி ஊட்டுகிற பொறுமையோடு வெறும் காற்றைக் குடிக்க வைத்தாள். மூக்கு மெல்லத் திரும்பியது. பக்கத்து வீட்டில் பால் பொங்குவதை அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் அத்தான் சொன்னபோது அக்கா அழுதேவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "எண்ணெயைத் தடவிக்கிட்டு உருண்டாலும் ஒட்டுறதுதான்டா ஒட்டும். அவர் மூக்கை அவர் பார்த்துப்பார். நீ அதுல உன் மூக்கை நுழைக்காதே."

நான் அக்கா பேச்சைத் தட்டியதே இல்லை. வீட்டில் ஒரு சொட்டு எண்ணெய்கூட அதற்குப் பிறகு விடவில்லை. ஆனால் கிருமி வீட்டில் மட்டுமா இருக்கிறது? யோசித்துப் பாருங்கள். உங்கள் அலுவலகத்தில் அந்த வாரம் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காற்றில்தான் அத்தான் பரீட்சை எழுத வேண்டும், அதாவது உறிஞ்ச வேண்டும். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவன் மனிதனா?

பரீட்சைக்கு முதல் நாள் அத்தான் சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டுப் போனார். மறக்கட்டும் என்று நான் அதைச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்திருந்தேன். மத்தியானம் கொடுக்கப் போனபோது காவலாளி என்னை உள்ளே விட்டார். ருசி பார்க்கிற கூடத்தில் ஆள் இல்லை. ஏசி மூடியைத் திறந்தேன். அக்கா குப்பையில் போட்டது பாட்டில்களைத்தான். கட்டிலுக்கு அடியில் இருந்த கேனை அவள் பார்க்கவில்லை.

வீடியோவில் மூன்று சொட்டு என்றார்கள். விட்டு முகர்ந்து பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டேன். வரவில்லை. கடைக்காரர் போலிச் சரக்கைக் கொடுத்து ஏமாற்றிவிட்டாரோ என்று மனசு கஷ்டமாக இருந்தது. கேனைக் கவிழ்த்தேன். அப்போதும் வரவில்லை.

உனக்கே வாசனை தெரியவில்லையா என்கிறீர்கள். நியாயமான கேள்வி. எனக்கு அந்த வாரம் மூக்கு அடைத்திருந்தது. அதைச் சளி என்று சொல்ல மாட்டேன். எதிர்ப்பு சக்தி ஏறும்போது உடம்பு பழைய அழுக்கை வெளியே தள்ளும். என்னிடம் பழைய அழுக்கு நிறைய இருந்திருக்கிறது.

அந்த ஏசிக் குழாய் சரக்கு அறைக்கும் போகிறது என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. தேயிலையைப் பற்றி அத்தான் ஒன்று சொல்வார்: "எந்த வாசனை வந்தாலும் உள்ள இழுத்து வச்சுக்கும் மச்சான். ஒட்டுக்கேட்கிற காது மாதிரி." அன்று மத்தியானத்திலிருந்து மறுநாள் காலைவரை ஏசி பேசியது. மூட்டை மூட்டையாகத் தேயிலை ஒட்டுக்கேட்டது.

காலையில் வந்தவர்கள், தரை துடைக்க ஏதோ புதுத் திரவம் வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்களாம். நிர்வாகத்தைச் சிலர் பாராட்டவும் செய்தார்களாம். நடுவர்கள் மூவரும் காபி குடிப்பவர்கள். கையில் விடை இருந்ததால் அவர்கள் கோப்பையைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை.

மீசைக்காரர் முதலில் உறிஞ்சினார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. கோப்பைக்கு அருகில் இருந்த இலையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "மலைச்சரிவுத் தோட்டம். பூ வாசனை. கடைசியில லேசா தேன்" என்றார். அந்தக் கண்ணீரை நடுவர்கள் ரசனை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அத்தான் உறிஞ்சினார். நின்றார். "கிராம்பு" என்றார். அடுத்த கோப்பையில், "கிராம்பு, கூடவே யூக்கலிப்டஸ்." அதற்கடுத்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, இது டீ இல்ல. தைலம்" என்றார்.

மூக்கு போய்விட்டது என்று எழுதிவிட்டீர்கள். கணக்குப் பிரிவில் நாற்காலியும் போட்டாகிவிட்டது. வீட்டுக்கு வந்தவர் சோப்பு, தீப்பெட்டி, அக்காவின் முந்தானை என்று ஒவ்வொன்றாக முகர்ந்துவிட்டு, எதையும் நம்பாமல் வைத்தார். "இத்தனை வருஷம் கூடவே இருந்துச்சு மச்சான். சொல்லாம போயிடுச்சு" என்றார். எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் நானாகவே வந்தேன். வாசல்வரை அக்கா என் காலரைப் பிடித்திருந்தாள் என்பது வேறு விஷயம்.

எழுதிக்கொள்ளுங்கள். ஏசியில் ஊற்றியவன் நான். சரக்கு அறையைக் கெடுத்தவன் நான். அன்றைக்கு எல்லாக் கோப்பையிலும் கிராம்பு இருந்தது. உங்கள் கட்டடத்தில் ஒரே ஒரு மூக்குதான் உண்மையைச் சொன்னது. மீசைக்காரருக்குத் தேன் எங்கிருந்து கிடைத்தது என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

நீங்கள் தலையாட்டுவதைப் பார்த்தால் அந்தக் கணக்குப் பிரிவு நாற்காலியில் வேறு ஆள் உட்காருவார் போலிருக்கிறது. சந்தோஷம். பரீட்சை முடியும்வரை அத்தானுக்குச் சளி பிடிக்கவே இல்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும். கட்டாயமில்லை.

எனக்கு என்ன தண்டனை என்று நீங்கள் யோசிக்க வேண்டாம். அக்கா கொடுத்துவிட்டாள், என் பெட்டி தெருவில் இருக்கிறது. இனி கல்லூரி விடுதிதான். நேற்றே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாடிக்கு மாடி இருமல். வார்டன் தும்மிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். கேட்பாரில்லாத பிள்ளைகள் ஐயா, பார்த்தால் வயிறு எரிகிறது. அத்தனை பேருக்கும் மொட்டை மாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி. மூடிக்குப் பூட்டு கிடையாது.