மடைக்கு விடும் அம்பு

— ஒரு கையால மூக்கைப் பொத்திக்கிட்டு ஒரு கையால குறிக்கு வைக்கோலைக் கட்டுனா அது எப்படி நிக்கும் ராக்காயி? ரெண்டு கையும் போட்டு இறுக்கு.

— வச்சிரம் காச்சுறேன்னு செத்த மாட்டையில்ல காச்சுறீக மச்சான். கம்மாக்கரை பூராம் நாறுது.

— தோலைக் காச்சுனா மல்லியப்பூவா மணக்கும்? ஒட்டுற பசைன்னா அப்படித்தான் இருக்கும். என் தம்பி கூட இத்தன வருசம் குடும்பம் நடத்துனவ நீ. ஒனக்கு இந்த நாத்தம் புதுசா?

— அவுக இருந்தப்பவும் கொமட்டத்தான் செஞ்சுச்சு. அப்ப அவுககிட்டச் சொன்னேன். இப்ப அவுக இல்ல, ஒங்ககிட்டச் சொல்றேன்.

— சரி சரி. இந்தாரு, அங்கிட்டு ஒதுங்கி நில்லு. இறகு ஒட்டாத அம்பை, வெறுந்தண்டாவே விடப் போறேன். இறகு இருந்தா தண்டோட கொறையை மறைச்சுப்புடும். வெறுந்தண்டு உள்ளதைச் சொல்லிப்புடும்... ஆங், போயிருச்சு. கிட்டப் போயிப் பாரு. எப்படிக் குத்தியிருக்கு?

— நேராக் குத்தியிருக்கு. வாலு எங்கிட்டும் சாயல. ஆணி அடிச்ச மாதிரி நிக்குது.

— அப்படிச் சொல்லு. நேத்து வரைக்கும் இந்தத் தண்டு மட்டும் விறைப்பா நின்டு ஒரு பக்கமாவே ஒதுங்கிக்கிட்டிருந்துச்சு. பட்டும் படாமச் சீவிச் சீவி வழிக்குக் கொண்டாந்தேன். இது கொம்பு வில்லு பாரு, நுனி ரெண்டும் வெளிய பாத்து வளைஞ்சது. மூங்கி வில்லு மாதிரி எந்தக் குச்சியக் குடுத்தாலும் வாங்கிக்கிறாது. அது ஒதைக்கிற ஒதைக்குத் தோதான தண்டு வேணும். அதுலயும் நான் அம்பலகாரர் பெரியகருப்பன் எம்புட்டு இழுப்பாருன்னு பாத்து, அந்த இழுப்புக்கே வெட்டியிருக்கேன்.

— அவரு இழுப்புக்கா?

— பின்ன, சாயங்காலம் மகர்நோன்புல சாமிக்கு அம்பு விட நீயா வில்லைத் தூக்கப் போற?

— எனக்கெதுக்கு. சும்மா கேட்டேன்.

— செத்தவனைக் கொறை சொல்லக்கூடாது. ஆனா போன வருசம் வரைக்கும் ஆண்டிச்சாமி செஞ்ச மூணு அம்பும் பறக்குற கோலத்தை நீ பாத்திருக்கணும் ராக்காயி. மொத ரெண்டு பரவால்ல. மூணாவது இருக்கே, வாத்து நடந்து போற மாதிரி போகும். சனம் சிரிக்கும். எனக்கு அப்படியே அருவருத்துப் போகும், நம்ம கூடப் பொறந்தவன் வேலை இதுதானான்னு. கண்ணு தெரியாதவன் இதைவிட நல்லாச் செய்வான்டான்னு அவன் மூஞ்சிக்கு நேராவே சொன்னேன்.

— அவுக என்ன சொன்னாக?

— சிரிச்சான். ரோசங்கெட்ட பய.

— அந்தா யாரோ வாராக மச்சான். பட்டுச் சட்டை பளபளங்குது.

— அம்பலகாரர் மருமகன் நாகராசு. வாங்க தம்பி, வாங்க. வெயில்ல நடந்தா வாரீக?

— என்ன கருமம்ணே இந்த நாத்தம். பஸ்ஸுக்குப் போட்டுட்டுப் போற சட்டை. இதுல ஏறுச்சுன்னா பக்கத்துல எவனும் ஒக்கார மாட்டான். சரி, ரெடியா? மொத அம்பையும் ரெண்டாவதையும் குடுங்க, மாமா வாங்கியாரச் சொன்னாக.

— இந்தாங்க. மூணும் ஒரே அச்சுல ஊத்துன மாதிரி வந்திருக்கு. மூணாவதுக்கு இறகு ஒட்டணும், பசை காயணும். அதைப் பொழுது சாயக் குடுத்துர்றேன்.

— மெதுவாக் குடுங்க, அவசரமில்ல. அன்னிக்கி மாதிரிக்குன்னு ஒன்னு குடுத்துவிட்டீகள்ல, அதை வச்சு மாமா தெனமும் தோப்புல பிராக்டீஸ் எடுத்துட்டாக. அடேயப்பா. வேப்பமரம்னா வேப்பமரம், பனைன்னா பனை. கரெக்டாப் போகுதுண்ணே. நான் சொல்றது விளங்குதா?

— பின்ன, போகாம? சாமிக்கு விடுற அம்பு வாழைத்தண்டைப் பொத்துக்கிட்டுப் போனாத்தான பாக்க லெச்சணமா இருக்கும்.

— வாழைத்தண்டு கெடக்குது விடுங்க. மொத அம்பு சாமிக்கு, ரெண்டாவது ஊருக்கு. அதெல்லாம் எங்க குத்துனா என்ன? மூணாவதுதான் விசயம். அது வடக்க விழுந்தா வடக்கு மடையை மொதல்ல தெறக்கணும், தெக்க விழுந்தா தெக்கு மடையைத் தெறக்கணும். ஆடியிலயும் மழை இல்ல, ஆவணியிலயும் மழை இல்ல. கம்மாயில கெடக்குற தண்ணி ஒரு மடைக்குத்தான் காணும். இந்த வருசம் வடக்கு மடைப் பாசனத்துல பாதிக்கு மேல மாமா குத்தகைக்கு எடுத்துருக்காக. நான் சொல்றது விளங்குதா?

— விளங்கல தம்பி.

— விளங்கும், விளங்கும். இந்தாங்க வேட்டி, மாமா குடுத்துவிட்டாக. சமஸ்தானமே போயிருச்சு, ராசா போயிட்டாக. இன்னமும் சாமி வந்து மடையைக் காட்டும்னு வாயைப் பொளந்துக்கிட்டு ஒக்காந்திருக்க முடியுமா? நாமளாக் காட்டிற வேண்டியதுதான்.

— அப்பத் தெக்கு மடைக்காரவுக மண்ணைத் திங்கிறதா?

— அது யாருண்ணே, ஆண்டிச்சாமி பொண்டாட்டியா? அம்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிது? சாமிக்கு விடுற பொருளு. தாலியறுத்தவ கையில... ச்சீ. மஞ்சத் தண்ணியில கழுவிட்டுக் குடுங்க.

— அது வெறுந்தண்டு தம்பி. பொறுக்கியார ஆளில்லாம நான்தான் கூப்பிட்டேன்.

— என்னமோ செய்யுங்க. தெக்கு மடைக்காரவுக, இந்த வருசம் சாமி நம்ம பக்கம் பாக்கலன்னு நெனச்சுக்கிறட்டும். சாமி பொறப்படுற நேரத்துக்கு நானே வந்து மூணாவதை வாங்கிக்கிறேன். வாரேண்ணே.

— ...போயிட்டான். வெத்தலை எச்சியைக் கம்மாத் தண்ணியிலயே துப்பிட்டுப் போறான் பாரு. மாடு குடிக்கிற தண்ணி.

— வேட்டி நல்லாருக்கா மச்சான்?

— அந்தப் பேச்சு வேணாம் ராக்காயி.

— கரை சரிகை மாதிரி தெரியுது. சாயங்காலம் கட்டிக்கிட்டு முன்னால நில்லுங்க. வடக்க அம்பு விழுகயில யாராச்சும் கேப்பாக, யாரு செஞ்ச அம்பு இம்புட்டு அழகாப் போகுதுன்னு. நாந்தேன்னு கையைத் தூக்குங்க. நான் தெக்க என் வயலு வரப்புல நின்டு பாத்துக்கிறேன்.

— எனக்கு என்ன தெரியும்? வில்லுக்குத் தோதா அம்பு செய்யச் சொன்னாக. செஞ்சேன். நல்லாச் செஞ்சது ஒரு குத்தமா?

— நெனச்ச எடத்துல விழுகுற அம்புன்னா அப்பறம் அம்பு எதுக்கு மச்சான்? அம்பலகாரர் கரையில நின்டுக்கிட்டு, இந்த மடையைத் தெறங்கடான்னு வெரலை நீட்டிட்டுப் போகலாம்ல?

— இந்தாரு...

— சொல்லுங்க.

— ஆண்டிச்சாமி வேணும்னேதான் அப்படிச் செஞ்சானா?

— மொத ரெண்டும் நல்லாப் போயி மூணாவது மட்டும் வருசம் தவறாம வாத்து நடை நடந்தா, அப்பவே ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா? விடுறவருக்கே எங்க போகும்னு தெரியக்கூடாதும்பாக அவுக. அதை முன்னாடி யாரையும் விட்டுப் பாக்கவும் விட மாட்டாக. சாமி கெளம்புற நேரத்துலதான் கோயிலுக்கே கொண்டு போவாக.

— எங்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா நீங்க சும்மா இருக்க மாட்டீகன்னு தெரியும். நாலு பேரு சிரிச்சா, என் தம்பிக்குத் தொழில் தெரியும்டா, வேணும்னுதான் கோணலாச் செய்யிறான்னு சண்டைக்குப் போயிருப்பீக. அப்பறம் ஊருக்கே தெரிஞ்சுபோகும்.

— ச்சை. அவனைப் பாடையில வச்சுத் தூக்கயிலகூட அந்தக் கோணல் அம்புதான் ராக்காயி எனக்கு நெனப்பு வந்துச்சு. அப்பக்கூட மனசுக்குள்ள அசிங்கமா நெனச்சேன். என்ன பொழப்பு இது. என் மூஞ்சியை நானே பாக்க முடியாது போலருக்கு.

— அழுகாதீக. கண்ணீர் பட்டா பசை ஒட்டாது.

— இந்த மூணாவதை ஒடைச்சு அடுப்புல வச்சுப்புடுறேன்.

— ஒடைச்சா, தோப்புல வச்சுப் பழகுன அம்பைக் கையில எடுப்பாரு. அதுவும் நீங்க செஞ்சதுதான்.

— அப்ப வேற வழி இருக்கு. நடுத்தண்டுல இன்னம் கொஞ்சம் சீவுறேன். தண்டு துவண்டுச்சுன்னா வலது பக்கம் ஓடும். கரையில கெழக்க பாத்து நின்டா வலது பக்கம் தெக்குதான? அவரு வடக்க வச்சுத்தான் இழுப்பாரு. அம்பு தெக்க போயி ஒன் வயலுக்குத் தண்ணி கொண்டாரும். பெரியகருப்பன் மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்.

— கத்தியைக் கீழ வைங்க.

— ஏன் புள்ள?

— அந்தாளு துப்பிட்டுப் போன எச்சிலுக்கும் நீங்க சொல்றதுக்கும் என்ன வித்தியாசம் மச்சான்? வடக்க அம்பலகாரர் வயலு மட்டுமா கெடக்கு? சந்தனமேரி புருசனைப் பறிகொடுத்துட்டு, புள்ளைகளை வச்சுக்கிட்டுத் துண்டு நிலத்துல நிக்கிறா. எவனுக்கும் குத்தகைக்கு விடாம அவளே மம்பட்டி பிடிக்கிறா. அவளை ஏமாத்தி வந்த தண்ணியில வெளைஞ்ச சோறு எனக்குத் தொண்டையில எறங்குமா?

— நேராவும் செய்யக்கூடாது, கோணலாவும் செய்யக்கூடாதுன்னா நான் என்னதான் செய்யிறது?

— எங்கிட்டுப் போகும்னு ஒங்களுக்கே தெரியாம ஒன்னு செய்யுங்க.

— அதான் முடியாது. கண்ணை மூடிக்கிட்டுச் சீவுனாலும் வெரலுக்குத் தெரிஞ்சுபோகுது. இங்க எடுத்தா இப்படிப் போகும், அடியில வெட்டுனா அப்படிப் போகும். முனையில கனம் வச்சா இம்புட்டு, இறகைச் சாச்சு ஒட்டுனா இம்புட்டு. கை சொல்லிக்கிட்டே இருக்கும். தெரியாத மாதிரி நடிக்கலாம். தெரியாமச் செய்ய வராது. நானும் ஆண்டிச்சாமியும் எங்கப்பாகிட்ட ஒன்னா ஒக்காந்து பழகுனவுக. ரெண்டு பேருக்கும் ஒரே கை. அவனுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?

— அவுகளுக்கும் வரல.

— வராமயா வருசா வருசம் செஞ்சான்?

— நீங்க இப்பச் சொன்ன இங்கிட்டு அங்கிட்டு எதுவும் என் தலையில ஏறல. ஏறவும் வேணாம். கத்தியையும் தண்டையும் இப்படிக் குடுத்துட்டு, அவுக மாதிரியே அங்கிட்டுத் திரும்பி ஒக்காருங்க. நீங்க அருவருத்தீகளே மூணாவது அம்பு, அது எல்லாம் நான் செஞ்சது மச்சான்.