பின்சீற்று ரேந்தை

தேத்தண்ணியைக் குடியுங்கள், போதகர் ஐயா, ஆறப்போகிறது. அந்த ரேந்தைப் பின்னலை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வெள்ளை நூலில் கறை பட்டால் போகாது.

ஓம், அது என் கைவேலைதான். மெக்கானிக் பார்த்தீபன் அதைக் காரிலிருந்து கழற்றி உங்களிடம் தந்தது நல்லதுதான். சீமெந்துப் பை மாதிரிச் சுருட்டித் தந்திருக்கிறான், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் அன்புராஜாவை உங்களுக்குத் தெரியும். பென்சன் எடுத்த பிறகு அவருக்கு அதிகாரம் பண்ண ஆளில்லை, கதைக்க விஷயமும் இல்லை. ஹைபிரிட் கார் வந்தது, விஷயம் கிடைத்தது. "லீற்றருக்கு இருபத்தைஞ்சு கிலோமீற்றர்." கலியாண வீட்டில் சொன்னார். செத்த வீட்டில் பெட்டியை மூட முன்னம் சொன்னார். வீட்டு ஜெபக்கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவருக்கே சொன்னார். நீங்களும் ஆமென் போட்டீர்கள்.

நான் நெல்லியடியில் நூல் வாங்கி, மாரி முழுக்க இருந்து பின்னி, பின்சீற்றுக்கு இந்த உறையைப் போட்டேன். இரண்டு மயில், நடுவில் திராட்சைக் கொடி. அவர் வந்து பார்த்தார். "உது என்ன பாரம் வரும்?" என்று கேட்டார்.

சீற்றின் பக்கத்தில் சல்லடை மாதிரி ஓர் ஓட்டை இருந்தது. வடிவில்லை. கொடியைக் கொஞ்சம் நீட்டி அதையும் மூடி, இறுக்கித் தைத்துவிட்டேன். அருகில் யப்பான் எழுத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. யப்பான் பாஷை எனக்கு எங்கே தெரியும்?

அதன் பிறகு இருபத்தைந்து பதினெட்டாகி, பன்னிரண்டாகியது. வீடு களைகட்டியது, ஐயா. அவர் ரயருக்குக் காற்றடித்தார். பிளக் மாற்றினார், ஃபில்ரர் மாற்றினார், ஒயில் மாற்றினார். ஏசியை நிற்பாட்டினார். கண்ணாடியைத் திறந்தால் காற்று காரைப் பின்னுக்கு இழுக்குமாம் என்று அதையும் பூட்டினார். அவர் கோட்டும் நான் பட்டுச்சேலையுமாக, அவித்த இடியப்பம் போலக் கோயில் வாசலில் இறங்கினோம். வேகம் முப்பதைத் தாண்டாது. மருதனார்மடம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிப்போன லான்ட்மாஸ்ரர் உழவு மெஷின் எங்களை முந்தியது. மூட்டைமேல் இருந்தவன் எங்களுக்குக் கையும் காட்டினான்.

என் தங்கச்சி ஏற வந்தாள். "பிள்ளை, நீ என்ன நிறை இருப்பாய்?" என்று கேட்டார்.

"நான் ஏறுறது காரிலையோ அத்தான், தராசிலையோ?" என்று கேட்டுவிட்டு அவள் பஸ்ஸுக்கு நடந்தாள். நான் கைலேஞ்சியை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஆனால் இருபத்தைந்து என்ற பேச்சு நின்றது. ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி, "நீர் இப்ப என்ன பின்னுறீர்?" என்று கேட்டார். கலியாணம் கட்டிய நாள் தொட்டு அவர் கேட்காத கேள்வி. நீங்களே சொல்லுங்கள், இப்படி ஒரு நன்மை நடந்துகொண்டிருக்க, யாராவது போய்த் தையலைப் பிரிப்பார்களா?

பிறகு, காரில் பிழையில்லை என்றால் ஆளில்தான் பிழை என்று அவர் கண்டுபிடித்தார். காரைக் கழுவி, எங்களைக் கிளினிக்குக்கு ஓட்டிப்போகிற ஜஸ்ரின்மேல் பழி விழுந்தது. "உவன்தான் குழாய் விட்டுப் பெற்றோலை இழுக்கிறான்" என்று கோயில் வாசலில் நாலு பேருக்குக் கேட்கச் சொன்னார். அது கரவெட்டி இராசநாயகத்தின் காதுக்குப் போயிற்று. அவருடைய மகள் நிஷானிக்குத்தானே ஜஸ்ரினைப் பேசியிருந்தது. பெற்றோல் கள்ளனுக்குப் பெண்ணில்லை என்று கலியாணத்தை நிற்பாட்டினார்.

ஜஸ்ரின் என்னிடம் வந்தான். "அன்ரி, நான் ஒரு துளியும் எடுக்கேல்லை. நிஷானி ஃபோனும் எடுக்கிறாளில்லை. நீங்களாவது அங்கிளிட்டைச் சொல்லுங்கோவன்."

சுடச்சுட ரோல்ஸ் பொரித்து வைத்தேன். "கர்த்தருக்கு எல்லாம் தெரியும், தம்பி" என்றேன். அதில் பொய்யில்லை. தெரிந்தவர்கள் இரண்டு பேர், நான் ஒருவரின் பெயரைச் சொன்னேன். அவன் ரோல்ஸைத் தொடவில்லை. வீணாய்ப் போகக்கூடாதென்று நான் சாப்பிட்டேன்.

போன கிழமை காரில் சிவப்பு விளக்கு எரிந்து, அது பார்த்தீபனிடம் போனது. அந்த ஓட்டைதான் பற்றரிக்குக் காற்றுப் போகிற வழியாம். மூடினால் பற்றரி சூடேறி ஒதுங்கிவிடும், எஞ்சின் தனியே இழுத்துப் பெற்றோலைக் குடிக்கும். அந்த விளக்கமெல்லாம் எனக்குத் தெரியாது. "பாவம், பியாட்றிஸுக்கு ஒண்டும் தெரியாது" என்று அவரும் ஊருக்குச் சொல்லிவிட்டார். பொடியனிடம் மன்னிப்புக் கேட்கத்தான் அவருக்கு வாய் வரவில்லை.

ஆனால் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அந்த ஒட்டுத்தாளில் எழுத்து மட்டுமில்லை, படமும் இருந்தது. ஓர் ஓட்டை, அதன்மேல் ஒரு துணி, துணிக்குக் குறுக்கே சிவப்புக் கோடு. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்கு விளங்க அது காணும். பின்னால் பற்றரி விசிறி முனகத் தொடங்கியதும் எனக்குக் கேட்டது. நான் ஞானப்பாட்டை உரத்துப் பாடினேன். அவரும் சேர்ந்து பாடினார். எங்கள் வீட்டில் அதற்கு முன் அவ்வளவு பக்தி இருந்ததில்லை.

ஆகவே எழும்புங்கள், கரவெட்டிக்குப் போவோம். தெரிந்துதான் மூடினேன், தெரிந்துதான் பொடியனைக் கள்ளனாக விட்டேன் என்று இராசநாயகத்தின் முகத்துக்கு நேரே சொல்கிறேன். எனக்கு மனப்பாரம் ஒன்றுமில்லை, நான் ஒருவருக்கும் தீங்கு நினைக்காதவள். கலியாணத்துக்கு எங்கள் காரையே கொடுக்கலாம். பின்சீற்றுக்குப் புது ரேந்தையும் தொடங்கிவிட்டேன், சோடிப் புறா. மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பக்கத்தில் அந்த ஓட்டை தெரிந்தால் ஃபோட்டோவில் வடிவாயிராது. புறாவின் வாலை ஒரு சாண் நீட்டினால் சரி.