பெரிதாகப் பார்க்க இங்கே அழுத்தவும்

இணையத்தில் போடும் படம் அறுபது கிலோபைட்டைத் தாண்டக் கூடாது, ஐயா. முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு. சமாதான காலம் என்று பேர்; சுடுகிற துவக்குகளுக்கு மட்டும் அந்தப் பேர் தெரியாது. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கணினிக் கடையில் நான் விளம்பரப் படங்கள் செய்துகொண்டிருந்தேன். இறக்கக்கண்டியில் விடுதி வைத்திருந்த ஸெய்னுதீன் நானா, வெள்ளைக்காரர் பார்க்க ஓர் இணையப் பக்கம் கேட்டார். விடுதிச் சின்னத்துக்கு ஜிஃப், புகைப்படத்துக்கு ஜேபெக், அச்சுக்கு டிஃப் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு வகை. முழுக் கடலையும் டெலிபோன் கம்பிக்குள் நுழைக்கிற வேலை.

நான் எடுத்ததில் ஒரு படம்தான் தேறியது. கடல், தோணி, ஓரமாக மீன் வாங்கிக்கொண்டு நின்ற விடுதிச் சமையற்காரர் ஞானசேகரம்.

மறுநாள் அவரே கடைக்கு வந்து காதுக்குள் சொன்னார்.

"தம்பி, அந்தப் படத்தில நான் நிக்கிறன். என்னைத் தேடுற ஆக்கள் இருக்கினம். முகத்தைக் கண்டா விடமாட்டினம். அழிக்க ஏலுமோ?"

"அழிக்கத் தேவையில்லை அண்ணை. சின்னனாக்கினா உங்கட மனுசிக்கே உங்களைத் தெரியாது."

அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. அடுத்ததைக் கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"ஓம், அது உண்மை. போன முறை நீங்கள் எடுத்த சாப்பாட்டுப் படத்தில எது நண்டுக் கறி, எது கத்தரிக்காய்க் கறி எண்டு சமைச்ச எனக்கே பிடிபடேல்ல. உங்களை நம்பலாம்."

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். ஐம்பத்தெட்டு கிலோபைட். அதில் ஞானசேகரம் நாலு கறுப்புப் புள்ளி. கீழே ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: 'பெரிதாகப் பார்க்க இங்கே அழுத்தவும்.' அழுத்தினால் மூலப் படம், மூன்றரை மெகாபைட். விளம்பரக்காரர் எல்லோரும் செய்வதுதான்.

அன்றைய இணைப்பில் அது திறக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். கடல் பார்க்கிறவன் காத்திருக்க மாட்டான். ஆளைத் தேடுகிறவன் காத்திருப்பான். இணையம் பார்க்க எங்கள் கடைக்கு எல்லாத் தரப்பாரும் வருவார்கள். அந்தப் பக்கத்தையே எல்லாக் கணினியிலும் முதற் பக்கமாக வைத்தேன். விளம்பரம் என்றால் ஆட்கள் பார்க்க வேண்டாமா?

ஒன்பதாம் நாள் ஒருவர் வந்து அழுத்தினார். படம் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. வானம். தோணிப் பாய். தலைமயிர். நெற்றி. அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. பாவம், நேரமெடுக்கிறதே என்று நான் அவருக்குப் பிளேன்ரீ எடுப்பித்துக் கொடுத்தேன். முகம் முழுதாக இறங்கியதும் பாதித் தேநீரோடு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, சாம்பல்தீவுப் பக்கம் ஒரு பற்றைக்குள் ஞானசேகரம் கிடந்தார்.

ஓம், தெரிந்துதான் வைத்தேன். ஆனால் நான் வாக்குக் கொடுத்தது சின்னப் படத்தில் முகம் தெரியாது என்று. அதில் தெரியவில்லையே.

கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்குப் படம் தேடி அவர் மனைவி பூரணி என்னிடம்தான் வந்தார். கமராவைக் கண்டால் ஒளிக்கிற மனிதர். வேறு படமே கிடையாது. மூலத்திலிருந்து முகத்தை வெட்டி, டிஃப் ஆக்கி, அச்சுக்குக் கொடுத்தேன். மதிலில் ஒட்டிய அளவிலும் ஒரு பொட்டுக்கூடச் சிதறவில்லை.

"உயிரோட நிக்கிற மாதிரி இருக்கு தம்பி," என்றார் பூரணி.

எனக்கு ஒரேயொரு வருத்தம்தான், ஐயா. நண்டையும் கத்தரிக்காயையும் சொல்லிக் கடையையே சிரிக்க வைத்த மனிதர், அந்தப் படத்தைப் பார்க்க இருக்கவில்லை.