பாதிப் பேர்

திங்கட்கிழமை மத்தியானம், அரியலூரிலிருந்து ஆண்டிமடம் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். முந்திரி உடைத்து உடைத்துக் கறுத்துப்போன விரல்கள். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“மனுவுல பாதிப் பேரத்தான் எழுதிட்டு வந்தேன்,” என்றார் மூத்தவர்.

“கைநாட்டு வச்சிருக்கலாம்ல யக்கா?”

“மாட்டேன்னுட்டேன். ராசாத்தியில ‘ராசா’ வரைக்கும் சாயங்கால வகுப்புல டீச்சரம்மா சொல்லிக் குடுத்துச்சு. அதுக்குள்ள, கட்டடம் வந்ததும் அங்க படிச்சுக்கலாம்னு வகுப்ப நிறுத்திட்டாங்க.”

“இப்ப என்னதான் சொல்றாங்க?”

“முதியோர் கல்விக் கட்டடமே கெடையாதாம். ரத்து பண்ணியாச்சாம். அதுக்கு ஒதுக்குன மானியத்தையும் இதோட நிறுத்திட்டாங்களாம். ஆபீஸ்ல அந்த சார் உக்கார வச்சு, தன்மையாத்தான் சொன்னாரு.”

ஜன்னல் பக்கம் திரும்பியபடியே மூத்தவர் தொடர்ந்தார்.

“சின்னப் புள்ளையில பள்ளிக்கூடத்தத் தாண்டித்தான் முந்திரிக் கொல்லைக்கு வேலைக்குப் போவேன். ஒரு நாளும் உள்ள போய் உக்காந்ததில்ல. நம்ம ஊர்ல கட்டடத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டன்னிக்கே, ஜன்னலோரம் எனக்குன்னு டீச்சரம்மாகிட்ட சொல்லி வச்சிட்டேன்டி.”

இளையவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தக் கோடெல்லாம் மழையில கரைஞ்சு போச்சு. இருந்தாலும் பொழுது சாஞ்சா, மூஞ்சி கழுவி தலை சீவிக்கிட்டு அங்கதான் கெளம்பத் தோணுது.”