பதினான்கு விபத்துகள்

நீங்கள் அழைப்பு மணியை அழுத்தியபோது நான் நூற்றிருபதாம் பக்கத்தில் இருந்தேன். திடுக்கிட்டதில் புத்தகம் கைநழுவி மூடிக்கொண்டது. ஓரம் மடித்து அடையாளம் வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அச்சகத்தில் பிழை திருத்துபவன் நான். தாள் கசங்கினால் மனம் பொறுக்காது.

அண்ணனுக்குப் பார்வை போய் மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளை விசாரிக்கும் வேலை. அலுவலகத்தில் அவருக்கு 'மோப்பம்' என்று பெயர். எரிந்த கிடங்கில் ஒருமுறை மூக்கை உறிஞ்சினால் போதும், முதலாளியே வைத்த தீயா என்று சொல்லிவிடுவார். வீட்டில் அவர் கோப்புகளைத் தவிர வேறெதையும் புரட்டி நான் பார்த்ததில்லை.

பார்வை போன பிறகுதான் துப்பறியும் நாவல் கேட்டார். தினமும் மாலையில் வாசிப்பேன். எல்லாம் பழையவை. ஓயாத மழை, பொய் சொல்லவே வரும் அழகி, இரண்டாம் அத்தியாயத்தில் ஒருமுறையும் எட்டாவதில் ஒருமுறையும் அடி வாங்கும் துப்பறிவாளன். தலைப்பை அண்ணனே சொல்வார். பழைய புத்தகக் கடையில் நான் தேடி எடுப்பேன்.

"அப்படி என்னண்ணே இருக்கு இதுல? கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சா கதை முடிஞ்சுபோச்சு."

"அதுக்காகவாடா படிக்கிறாங்க? எல்லாரும் பொய்தான் சொல்லப்போறாங்கன்னு தெரிஞ்சும் அவன் ஒவ்வொரு கதவாப் போய்த் தட்டுறான் பாரு. அதுக்காக."

எனக்கு அது விளங்கியதில்லை.

முதலில் அண்ணிதான் வாசித்தார். வர்ணனை வந்தால் பத்தி பத்தியாகத் தாண்டிவிடுவார். மற்றபடி அவர்மீது எனக்கு வருத்தமில்லை, நான் குடியிருந்த மாடி அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னதைத் தவிர. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் துணிக்கூடையோடு மாடிப்படியின் உச்சியில் நின்றார். அவருக்கு இரண்டு கையிலும் கூடை. எனக்கு ஒரு கை போதுமானதாக இருந்தது.

விபத்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அண்ணன் மட்டும், "படியில ரெண்டு பேர் காலடி கேட்ட மாதிரி இருந்துச்சே" என்றார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் சொன்னார். அவரைக் குறை சொல்லமாட்டேன். சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கிய மனிதர். ஆனால் அது அவர் உடம்புக்கு ஆகாது.

அதனால்தான் முடிவுகளைத் திருத்தினேன். பாதிக் கதையிலேயே, "கூட்டாளிதான்டா கொன்னிருக்கான்" என்பார். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும். கடைசி அத்தியாயத்தை மட்டும் நான் வேறாக வாசிப்பேன். கூட்டாளி நிரபராதி, செத்தவர் கால் இடறி விழுந்தவர். ஒரே மாதிரி இருந்தால் சலிக்கும் என்று படகு, பால்கனி, குளியலறை என இடத்தை மாற்றிக்கொண்டேன். பதினான்கு நாவல்கள்.

"என் மூளை மழுங்கிப்போச்சுடா" என்று சிரிப்பார். காலடிப் பேச்சு தானாக நின்றது. நன்றாகத் தூங்கினார். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

இன்று நீங்கள் மணி அடித்ததும் எழுந்தேன்.

"போய்த் திற. நான்தான் வரச் சொன்னேன்" என்றார்.

யாரை என்று கேட்டேன். போலீஸை என்று அவர் சொல்லவில்லை. அவர் குனிந்து, தரையைத் தடவி, விழுந்த புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேலைக்குப் போன காலத்துல, ரயில்ல உட்கார்ந்து இதையெல்லாம் ரெண்டு தடவை படிச்சவன்டா நான். இதுல ஒருத்தன்கூடத் தவறி விழுந்து சாகலை."