பதினாறு சானல் மிக்சர்

சவுண்ட் மிக்சர் வாங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு, சின்தசைசர் கீபோர்டுகளை மட்டும் எண்ணிக்கொண்டு கடைக்குப் போவதுதான் சார். ஒவ்வொன்றிலிருந்தும் இடது, வலது என்று இரண்டு வயர் வரும். ஒன்றுக்கு இரண்டு சானல் வேண்டும். எங்கள் வீட்டுப் பின்னறையில் என்னுடையவை நான்கு, தம்பியுடையவை மூன்று. பதினாறு சானல் இருந்தால்தான் எல்லாவற்றையும் சேர்த்து வாசிக்க முடியும்.

தம்பி எட்டு போதும் என்றான்.

"என்னோடத நான் எடுத்துட்டுப் போறேண்ணே. வேற பேண்ட்ல சேந்துட்டேன். உனக்கு எட்டு தாராளம்."

ஊருக்குப் போய் வருகிறேன் என்பதுபோலச் சொன்னான். ஒரே போர்வைக்குள் வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் இல்லாத அறையில் நான் என்னத்தை வாசிப்பது? முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. "சரிடா, புது மிக்சரை மட்டும் மாட்டிக் குடுத்துட்டுப் போ" என்றேன். நான் நியாயம் பார்க்கிறவன்.

பதினாறு சானலில் கடையில் இரண்டு இருந்தன. ஒன்று பிளாஸ்டிக் உடம்பு, மற்றது இரும்பு. சத்தத்தில் வித்தியாசமே இல்லை என்று கடைக்காரரே சொன்னார். நான் இரும்பை எடுத்தேன். கனமில்லாத மிக்சர், வயரை இழுத்தால் மேசையில் நகரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாட்ட ஆரம்பித்தோம். அவன் மண்டியிட்டு, சிக்கிக் கிடந்த வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் மிக்சரைத் தூக்கி அவன் பின்மண்டையில் இறக்கினேன். கை தவறிவிட்டது என்று நினைத்திருக்கிறான். கழுத்தில் ரத்தம் வழிய, "அண்ணே, மிக்சருக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டான்.

எனக்கு அவன்மேல் அவ்வளவு பாசம் பொங்கியது. மறுபடி அடித்தேன். திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் புரிந்திருக்கும். என் காலைக் கட்டிக்கொண்டான். இரும்பு மூலை நெற்றியில் இறங்கியதும் எலும்பு உள்வாங்கியது. அவன் பிடி தளரும்வரை நான் நிறுத்தவில்லை.

ஹாலிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "என்னடா அங்க சத்தம்?"

"மிக்சர் நழுவிடுச்சும்மா."

"பாத்துடா, தம்பி கால்ல கீல்ல போட்டுடாத."

"கால்ல படலம்மா."

அது பொய்யில்லை. மிக்சரைத் துடைத்தேன். ஒரு குமிழ்தான் நசுங்கியிருந்தது. அவனுக்கென்று ஒதுக்கிய சானல்களில் அவனுடைய மூன்றையும் மாட்டினேன். எல்லாம் வேலை செய்தன. எதுவும் அறையை விட்டுப் போகவில்லை. அம்மா கதவைத் திறந்தபோது நான் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

முன்கூட்டித் திட்டம் போட்டேனா என்று கேட்டீர்கள். இல்லை சார், ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது, அவ்வளவுதான். நான் எப்படிப்பட்டவன் என்று அந்தக் கடைக்காரரிடமே கேளுங்கள். எடுத்தோம் கவிழ்த்தோம் என்று எதையும் செய்கிறவன் இல்லை. இரண்டு மிக்சரையும் தலைக்குமேல் தூக்கி, வேகமாக இறக்கிப் பார்த்துத்தான் வாங்கினேன்.